வெள்ளிக்கிழமைக்காரர்களின் பிரஷர்

எசுவென்சி மெத்தடிஸ்ட் சபையில் ஆரோக்கிய ஊழியத்துக்குத் தலைவியாக அராபா எசில்ஃபியைப் போட்டதற்குக் காரணம் ஒன்றுதான். அவளிடம் அளவு நாடா இருந்தது.

போதகர் டாண்டோ கூட்டத்தில் கேட்டார். "இடுப்பளவு எடுக்கணும், எடை பாக்கணும், பிரஷர் பாக்கணும். யார் செய்யறீங்க?" சபையில் இருந்த இரண்டு நர்சுகளும் தரையைப் பார்த்தார்கள். மூப்பர் அக்கோன் எழுந்தார். "ஊர்ல பாதிப் பொம்பளைங்க இடுப்பளவு ஏற்கெனவே அராபா நோட்டுலதானே இருக்கு?" என்றார். சிரித்தார்கள், கை தூக்கினார்கள், தீர்மானம் நிறைவேறிவிட்டது. அராபா அன்றைக்குக் கூட்டத்துக்கே போகவில்லை.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. லாரி ஸ்டேஷன் வாசலில் நீலத் தகரக் கடை. முப்பது வருஷத் தையல். கல்யாணமோ சாவோ, எசுவென்சிப் பெண்கள் உடுத்துகிற சட்டைகளில் பாதி அவள் மெஷினிலிருந்து வந்தவைதான். புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பான், அந்த இரண்டு நாளும் தூங்குவான். அவளுக்குப் பேச்சு குறைவு. நாள் முழுக்க வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டிருப்பவள் எப்படிப் பேசுவாள்? ஆனால் ஒரு வேலையை எடுத்தால் பாதியில் விடமாட்டாள்.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். கையில் பட்டையைச் சுற்றுவது, ரப்பர் உருண்டையை அமுக்குவது, அளவு காட்டும் ஊசி இறங்கும்போது நாடி தட்டுகிற இடத்தைக் காதால் பிடிப்பது. கற்றுக்கொண்டாள். பேண்டு வாத்தியங்கள் போட்டு வைக்கிற பின்னறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் கொடுத்தார்கள். மூன்று ஞாயிறு உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. நல்ல துணி உடுத்திக்கொண்டு வருகிற நாளில் நோயைப் போய்த் தேடுவானேன் என்று எல்லோரும் வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நான்காவது வாரம் அராபா சரியான முடிவு எடுத்தாள். புதிதாக ஒரு வரிசை உண்டாக்கி மக்களைக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே நிற்கிற வரிசையில் நாம் போய் நிற்க வேண்டும்.

அந்த வரிசை கிழமை வரிசை. எசுவென்சியில் ஒருவர் எந்தக் கிழமையில் பிறந்தாரோ அதுதான் அவர் பெயர். வெள்ளிக்கிழமை பிறந்தவன் கோஃபி, பிறந்தவள் எஃபுவா. செவ்வாய்க்கிழமை என்றால் கோபினா, அராபா. சபையில் அதுதான் அவரவர் கட்சியும். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை படைக்கும்போது ஒவ்வொரு கிழமையாகக் கூப்பிடுவார்கள். கைக்குட்டையை வீசி ஆடிக்கொண்டு போய்க் கிண்ணத்தில் போடுவார்கள். எந்தக் கிழமை அதிகம் போட்டதோ அதன் பெஞ்சில் கொடி நிற்கும். அந்தக் கொடிக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் வாரக்கணக்கில் பேசாமல் இருந்தது உண்டு.

"இந்த வாரம் கிழமை வாரியா பிரஷர் பாக்கறேன். எந்தக் கிழமைக்காரங்க வரலையோ அவங்க பேரைக் கண்டிப்பா வாசிக்கச் சொல்லுவேன்" என்று அராபா அறிவித்தாள். அவ்வளவுதான். பின்னறை வாசலில் நிற்க இடமில்லை.

வெள்ளிக்கிழமைக்காரர்களுக்குத் தலைவி எஃபுவா கிரென்சில். அராபாவோடு கூடப் படித்தவள், மீன் வியாபாரி. எஃபுவா கடற்கரையில் நின்று பேசினால் கடலுக்குள் இருக்கிற படகுக்குக் கேட்கும். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எவ்வளவுடி?"

அராபா இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு காதோரம் குனிந்தாள். "மேல நூத்தித் தொண்ணூத்திரண்டு. கீழ நூத்திப் பன்னெண்டு. நாளைக்கே கிளினிக்குக்குப் போ."

"எதுக்கு? காலையில நாலு கூடை மீன் நானேதான் தூக்கினேன்."

"தூக்கினது போதும். விழுந்துடுவே, எஃபுவா. நான் சும்மா சொல்லல."

"ஞாயித்துக்கிழமை காலையில நல்ல வார்த்தை ஒண்ணு வராதா உன் வாயில? அந்தக் குண்டூசியையே வச்சுக்கோ போ."

அராபா தையற்காரி. ஒரு தையல் எப்போது விட்டுவிடும் என்பது துணியைத் தொட்டாலே தெரிந்துவிடும் அவளுக்கு. அன்றிலிருந்து அவள் மனதில் ஒரே வேலைதான் இருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு எட்டு வாரம். அந்தக் கூட்டத்தில் எஃபுவா ஆடப் போகிற ஆட்டத்துக்கு முன்னால் அவளை மாத்திரை சாப்பிட வைத்துவிட வேண்டும்.

அடுத்த ஞாயிறுதான் கூத்து. யாருடைய தனி எண்ணும் வெளியே போகக் கூடாது என்று அராபா கிழமைக்கு ஒரு சராசரி போட்டு, ஜெபத்தில் நினைத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்தாள். காகிதம் மூப்பர் அக்கோன் கைக்குப் போனது. அவர் இருபது வருஷமாகக் கிழமைப் பட்டியல் வாசிக்கிறவர். கண்ணாடியை மாட்டினார், தொண்டையைச் செருமினார், கீழிருந்து ஆரம்பித்தார்.

"புதன்கிழமை, நூற்று இருபத்தாறு!" லேசான கைதட்டல். "செவ்வாய்க்கிழமை, நூற்று முப்பத்தொன்று! வியாழக்கிழமை, நூற்று நாற்பது!" திங்களையும் ஞாயிறையும் தாண்டிக் குரல் ஏறிக்கொண்டே போனது. "சனிக்கிழமை, நூற்று நாற்பத்தைந்து! கடைசியாக, சபையோரே, முதலிடம்…" மூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை! நூற்று ஐம்பத்தெட்டு!"

பேண்டு முழங்கியது. வெள்ளிக்கிழமைக்காரர்கள் எழுபது பேரும் எழுந்துவிட்டார்கள். எஃபுவா கைக்குட்டையைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு இடைகழியில் இறங்கினாள். சனிக்கிழமைப் பெஞ்சில் நின்ற கொடியை அவள் கையாலேயே பிடுங்கிக்கொண்டு வந்தாள். போதகர் டாண்டோ கையை உயர்த்திப் பார்த்தார். ட்ரம்பெட்டுக்கு முன்னால் போதகர் என்ன செய்வார்?

ஆராதனை முடிந்ததும் அராபா அக்கோனைப் பிடித்தாள். "என்ன மூப்பரே இப்படிப் பண்ணிட்டீங்க!"

"நான் என்னம்மா பண்ணேன்? கிழமை கிழமையா எழுதிக் குடுத்தது நீ. இருபது வருஷமா நான் இப்படித்தானே வாசிக்கறேன்?"

அவர் சொன்னது நியாயம். தப்பு அராபாவுடையது. அவளும் அதை ஒப்புக்கொண்டாள்.

தப்பு அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆண்கள் ஆறு பேர் கோயிலை மூன்று சுற்று ஓடிவிட்டு, மூச்சு வாங்க வாங்க நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். சனிக்கிழமைப் பெண்கள் காலையிலேயே உப்புக் கருவாட்டை வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, "எங்களுக்கு இப்போ பாரு அராபா, சூடா இருக்கும்போதே பாரு" என்றார்கள். அராபா பட்டையைச் சுருட்டி மேசையில் எறிந்தாள்.

"கழுதைங்களா! இது ஏறக் கூடாதது! இறங்கணும்!"

அன்றைக்குப் போதகரிடம் அனுமதி கேட்டுப் பீடத்துக்குக் கீழே நின்று சொன்னாள். பிரஷர் குறைவாக இருப்பதுதான் நல்லது, குறைவாக இருக்கிறவர்களுக்குத்தான் கொடி. மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அக்கோன் எழுந்தார். "நல்ல விஷயம்தான். ஆனா இந்தச் சபை ஆரம்பிச்ச நாள்லேருந்து கொறச்சுப் போட்டவங்களுக்குக் கொடி குடுத்ததா நான் கேள்விப்பட்டதில்ல." பெஞ்சுகள் ஆமாம் ஆமாம் என்றன.

எஃபுவா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "செவ்வாய்க்கிழமைக்காரங்களுக்குக் கம்மியா வந்துச்சு, உடனே சட்டத்தை மாத்தறா பாருங்க!" சபை விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் எஃபுவா பண்டிகைச் சட்டைக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் ஏறி நின்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

"வெளிய மேகமா இருக்கு." அராபா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் எதிரே நின்றாள். "கிளினிக்குக்குப் போறியா இல்லையா?"

"பண்டிகை முடியட்டும்."

"ஏன்?"

"ஏனா? என் ஒருத்தியாலதாண்டி எங்க கிழமைக்கு நூத்தி அம்பத்தெட்டு வந்துச்சு. நான் போய் மாத்திரையைத் தின்னு எறக்கிட்டா எங்க ஆளுங்க என்ன சொல்லுவாங்க? எஃபுவா கொடியை வித்துட்டாம்பாங்க. கொறச்சுப் போடறது எங்க ரத்தத்துலயே கெடையாது. யார்கிட்ட அதிகமா இருக்கோ அவதானே கிண்ணத்துல அதிகமாப் போட முடியும்?"

அராபா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"கடைசியாச் சொன்னதை."

"யார்கிட்ட அதிகமா இருக்கோ அவதான் அதிகமாப் போட முடியும். ஏன், தப்பா?"

"தப்பே இல்ல. அப்ப போடு." அராபா அலமாரியிலிருந்து பொத்தான் டப்பாவை எடுத்து அவள் முன்னால் குலுக்கினாள். "உன்கிட்ட நூத்தித் தொண்ணூத்திரண்டு இருக்கு. பண்டிகைக்குள்ள எத்தனை எறக்கறியோ அத்தனை பொத்தான் கிண்ணத்துல விழும். ஒண்ணு எறங்கினா ஒரு பொத்தான். புதன்கிழமைக்காரங்ககிட்ட எறக்கறதுக்கு என்ன இருக்கு? பாவம், ஒண்ணுமில்ல. உங்ககிட்டதான் மலையாட்டம் கிடக்கு."

எஃபுவா ஸ்டூலில் நின்றபடி மனக்கணக்குப் போட்டாள். முகம் மெதுவாக மலர்ந்தது. "எங்க வரிசையில ஒரு கிழவிக்கு நூத்தி எம்பத்து நாலு."

"ஆமா."

"டெய்லர் கோஃபி நூத்தி எழுபது." இறங்கிச் செருப்பைத் தேடினாள். "அளவை அப்பறம் எடுத்துக்கோ. கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும்?"

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளினிக் வாசலில் பத்தொன்பது வெள்ளிக்கிழமைக்காரர்கள் ஒரே துணியில் தைத்த உடுப்போடு, கொடியோடு நின்றார்கள். ஏதோ போராட்டம் என்று நினைத்துக் காவலாளி கதவைச் சாத்திவிட்டான். டாக்டர் ஜன்னல் வழியாகக் கோரிக்கை என்ன என்று கேட்டார். "பிரஷரை எறக்கணும்!" என்று பத்தொன்பது பேரும் கத்தினார்கள். அந்தக் கோரிக்கையோடு யாரும் இதற்கு முன் அங்கே வந்ததில்லை.

செய்தி பரவியது. மற்றக் கிழமைகளும் கிளம்பின. அராபா விதிகளைக் கெட்டியாகப் போட்டாள். கிளினிக் அட்டை இல்லாதவரின் பொத்தான் செல்லாது. நூற்று இருபதுக்குக் கீழே இறக்கினால் கணக்கில் வராது. ஏற்கெனவே சரியாக இருப்பவர்கள் அப்படியே இருந்தால் ஆளுக்கு ஐந்து பொத்தான். சனிக்கிழமைக்காரர் ஒருவர் தன் மாத்திரையோடு பெண்டாட்டி மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிட்டு மயங்கி உட்கார்ந்தார். அவரைக் கிளினிக்கில் சேர்த்துவிட்டு வந்து, அந்தக் கிழமைக்கே இருபது பொத்தான் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து வாரம் எசுவென்சி வேறு ஊராக இருந்தது. சூப்பில் இரண்டாவது உப்புக்கட்டி போட்ட மருமகளை மாமியார் எட்டிப் பிடித்தாள். விடியற்காலையில் கடற்கரை மணலில் கிழமை கிழமையாக நடந்தார்கள். ஒரு கிழமை இன்னொரு கிழமையைத் தாண்டும்போது ஏச்சுப்பேச்சு நடந்தது. புளித்த சோளமாவு உருண்டையான கெங்கேயைக் கருவாட்டோடு விற்கிற பெண், கருவாடு கேட்டவனிடம், "நீ என்ன கிழமை?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். எதிர்க்கட்சிக்கு இரண்டு துண்டு கூடவே வைத்தாள்.

பண்டிகை வந்தது. முந்தின இரண்டு நாளும், அன்று காலை ஏழிலிருந்தும் பின்னறையில் அளவெடுப்பு. அராபா நாடி கேட்டாள், அக்கோன் கண்ணாடி ஜாடிகளில் பொத்தான் போட்டார். ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்தது, எஃபுவாவைத் தவிர. செவ்வாய்க்கிழமை முந்நூற்றுப் பதினொன்று. வெள்ளிக்கிழமை இருநூற்று எழுபது. மற்றக் கிழமைகள் எல்லாம் பின்னால். ஜன்னல் முழுக்கத் தலைகள்.

எஃபுவா வந்தாள். சும்மா வரவில்லை. வாசலில் பந்தல்காரனோடு சண்டை போட்டு, அதை முடிக்காமலே உள்ளே வந்து உட்கார்ந்து, கையை நீட்டியபடி வெளியே அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

நூற்று எழுபத்தாறு.

பதினாறே பொத்தான். செவ்வாய்க்கிழமைக்காரர்கள் ஜன்னலில் கூவினார்கள். எஃபுவா எழுந்துவிட்டாள். "மெஷின் கெட்டுப்போச்சு! முந்தாநாள் கிளினிக்குல நூத்தி அம்பதுன்னாங்க! ஏய் அராபா, உங்க கிழமைக்குன்னு திருகி வச்சியா?"

பேண்டுத் தலைவன் கோபினா சேகோ, அவனும் செவ்வாய்க்கிழமை, கதவில் சாய்ந்துகொண்டு சொன்னான். "அக்கா, எடுத்தது எடுத்ததுதான். எழுதிடுங்க."

எழுதினால் தன் கிழமைக்குக் கொடி. அது அராபாவுக்கும் தெரியும். ஆனால் தப்பாக எடுத்த அளவில் அவள் ஒரு நாளும் துணியை வெட்டியதில்லை.

"எழுதமாட்டேன். சண்டை போட்டுட்டு வந்தவளுக்கு எடுத்தது அளவே இல்ல. உட்காரு எஃபுவா. ரெண்டு காலும் தரையில. முதுகு சாய்ச்சு. அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது."

"அஞ்சு நிமிஷமா?" எஃபுவா திகைத்தாள். ஜன்னல் வெடித்துச் சிரித்தது. "தூக்கத்துலகூடப் பேசுவாளே!" என்றது ஒரு குரல். எஃபுவா திரும்பிப் பதில் கொடுத்தாள். அராபா கடிகாரத்தைத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். இன்னொரு குரல், இன்னொரு பதில். மூன்று தடவை இப்படியே ஆனது.

போதகர் டாண்டோ அங்கியோடு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். வெளியே போய்ப் படியில் நின்று கையை உயர்த்தினார்.

"சபையோரே, நம்ம சகோதரி எஃபுவா அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கப் போறாங்க. நாமளும் இருப்போம்."

அப்படி ஒரு அமைதி எசுவென்சியில் அதற்கு முன் இருந்ததில்லை. எழுநூறு பேர், பண்டிகை உடுப்பில், முற்றத்தில், அசையாமல். ட்ரம்பெட்டுகள் மடியில். கடல் சத்தம் கேட்டது. யாரோ கட்டிப் போட்டிருந்த காணிக்கை ஆடு கத்தியது. கோபினா சேகோ, தோற்கப் போகிறவன், ஓடிப் போய் அதன் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். எஃபுவா கண்ணை மூடி உதடுகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் நிமிஷம் தோள் துடித்தது. மூன்றாவது நிமிஷம் தோள் இறங்கியது. ஐந்தாவது நிமிஷம் மீன் கூடையை இறக்கி வைத்தவள் முகம் அது.

அராபா உருண்டையை அமுக்கினாள். ஊசி ஏறியது, மெல்ல இறங்கியது. காதில் தட்டல் விழுந்த இடத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை எடுத்தாள். அதே இடம்.

"நூத்தி நாப்பத்தெட்டு" என்றாள். "கீழ தொண்ணூறு."

அக்கோன் நாற்பத்து நான்கு பொத்தானை எண்ணிப் போட்டார். முந்நூற்றுப் பதினான்கு.

"அப்ப எனக்கும் அஞ்சு நிமிஷம்!" கோபினா ஆட்டை விட்டுவிட்டு ஓடி வந்தான். "நானும் ஆட்டைத் துரத்திட்டுதான் அளவுக்கு வந்தேன்!" நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதான். அவனையும் உட்கார வைத்தாள். சபை இன்னொரு தடவை மூச்சடக்கியது. அவனுக்கு முன்பைவிட இரண்டு குறைந்தது. முந்நூற்றுப் பதின்மூன்று. வெளியே இன்னும் ஒன்பது பேர் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். போதகர் மணியை அடிக்கச் சொல்லிவிட்டார்.

அராபா திரும்பிப் பார்த்தாள். எஃபுவா இன்னும் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரு விரலைத் தூக்கி, கண்ணால் கேட்டாள்.

"பேசுடி. பேசு."

எஃபுவா ஜன்னலுக்குப் போனாள். மூச்சை இழுத்தாள். "ஒரு பொத்தான்! ஒரே ஒரு பொத்தான், செவ்வாய்க்கிழமைக்காரங்களா! உங்க சட்டையிலேருந்து ஒண்ணைப் பிச்சுப் போட்டிருந்தாலும் சமமா வந்திருக்குமே!"

ட்ரம்பெட் அலறியது. கோபினாதான் ஊதினான், தலையில் அடித்துக்கொண்டே. ஆராதனை ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. வெள்ளிக்கிழமைக்காரர்கள் வரிசையாக ஆடிக்கொண்டு உள்ளே போனார்கள். செவ்வாய்க்கிழமை பிறந்தவள் அந்த வரிசையில் ஆடக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் இதுவரை யாரும் ஆடியதும் இல்லை. அராபா அறையைப் பூட்டினாள், கடைசி ஆளாக வரிசையில் சேர்ந்தாள், ஆடினாள். முன்னால் போன எஃபுவா திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"மெதுவா ஆடுடி! உனக்கு ஏறிடப் போகுது!"